பீடோங் தீவில் தங்கிப் போனவர்கள்



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் திரங்கானு மாநிலத் தீவுகளை வரைபடத்தில் காட்டினேன். "சார், பீடோங் தீவில் வியட்நாம்காரர்கள் இருந்தார்களாமே, அவர்களை ஏன் ஊருக்குள் விடவில்லை?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1975 ஏப்ரல் 30இல் சைகோன் நகரம் வீழ்ந்தது. அப்போதிருந்தே மக்கள் படகேறத் தொடங்கினார்கள். 1978இல் வியட்நாம் அரசு தனியார் வணிகத்தை ஒழித்ததும் அங்கிருந்த சீனர்கள் பெருந்தொகையாகக் கடலில் இறங்கினார்கள். பல படகுகள் நமது கிழக்குக் கரையில் ஒதுங்கின.

அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஆகவே நம் சட்டத்தின் கண்ணில் அவர்கள் கள்ளக் குடியேறிகளே. 'தங்கிப் போகலாம், குடியேற முடியாது. வேறு நாடுகள் அழைத்துக்கொள்ள வேண்டும்' என்பதே அரசாங்கத்தின் கொள்கை. 1978 ஆகஸ்டில் பீடோங் முகாம் திறக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் பணம் கொடுத்தது. செம்பிறைச் சங்கம் உணவு பங்கிட்டது. தீவின் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர். அதாவது சுமார் 250 ஏக்கர், நம் கணக்கில் தோட்டத்தின் ஒரு சிறு டிவிஷன். அதில் 1979 ஜூனில் இருந்தவர்கள் சுமார் 40,000 பேர்!

வெளிநாடுகள் அழைத்துப் போனவர்களைவிட வந்தவர்கள் அதிகமானார்கள். அரசாங்கம் பயந்தது. மே 13 கலவரம் நடந்து பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. வந்தவர்களிலோ சீனர்கள் அதிகம். அந்தப் பயம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பெண்டு பிள்ளைகளோடு வந்த படகுகளைக் கடற்படை மறுபடி ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று விட்டதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அதற்கு அஞ்சி, கரை தெரிந்ததும் சொந்தப் படகையே ஓட்டையிட்டு மூழ்கடித்தவர்களும் உண்டு.

1979 ஜூலையில் ஜெனீவாவில் நாடுகள் கூடின. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரான்சு முதலியவை கூடுதலானோரை ஏற்க முன்வந்தன. வியட்நாமும் படகுகளைத் தடுப்பதாகச் சொன்னது. பீடோங்கில் நெரிசல் குறைந்தது.

பத்தாண்டு கழித்து அந்தக் கதவும் ஒடுங்கியது. 1989 மார்ச் 14க்குப் பிறகு வந்தவர்கள், தாங்கள் மெய்யான அகதிகளே என்று விசாரணையில் காட்ட வேண்டியிருந்தது. காட்ட முடியாதவர்கள் வியட்நாமுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. பீடோங் 1991இலும், கோலாலம்பூர் சுங்கை பீசி முகாம் 1996இலும் மூடப்பட்டன. மொத்தம் சுமார் இரண்டரை லட்சம் பேர் நம் நாட்டின் வழியாகப் போனார்கள்.

காகிதம் இல்லாதவன் பாடு தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. என் தாத்தா கடைசிவரை சிவப்பு அடையாளக் கார்டுதான் வைத்திருந்தார். ஆனாலும் அவர் லயத்தில் இருந்தார், பால்மரம் வெட்டினார், எங்களைப் பள்ளிக்கு அனுப்பினார்.

அந்த ஒப்பந்தத்தில் நாம் இன்னும் கையெழுத்திடவில்லை. மியன்மாரிலிருந்து வந்த அகதிகள் இன்று நம்மிடையே கூலிவேலை செய்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளை அரசாங்கப் பள்ளியில் சேர்ப்பதில்லை. என் வகுப்பில் நாற்காலி காலியாகக் கிடந்தாலும், அவர்களில் ஒரு பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் எழுத எனக்கு அதிகாரம் இல்லை.