உயிர்காக்கும் நேரத்தில் உறவினர் எங்கே நிற்பது?

நின்றுபோன இதயத்தை இயக்க மார்பை அழுத்திப் போராடும்போது குடும்பத்தை வெளியே அனுப்பிவிடுவதே வழக்கம். இது மாறவேண்டும். பிரான்சில் 570 உறவினர்களிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், உடனிருக்க அழைக்கப்பட்டவர்களைவிட, வழக்கப்படி நடத்தப்பட்டவர்களிடமே மூன்று மாதம் கழித்து மன அதிர்ச்சியின் அறிகுறிகள் அதிகம் தென்பட்டன.

அழுது கூச்சலிடுவார்கள், சிகிச்சை கெடும், வழக்குப் போடுவார்கள் என்ற அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அந்த ஆய்வில் சிகிச்சையோ, பிழைத்தவர் எண்ணிக்கையோ பாதிக்கப்படவில்லை. மருத்துவக் குழுவின் மன அழுத்தமும் கூடவில்லை, வழக்கும் வரவில்லை. ஆய்வில் பார்க்கப்பட்டவை வீடுகளில் நடந்த உயிர்காக்கும் முயற்சிகள். நெரிசலான வார்டுக்கு அப்படியே பொருந்தாது என்பது சரியான மறுப்பு. அதனால்தான் குடும்பத்துக்கென ஒரு செவிலியர் தேவை: நடப்பதை எளிய சொற்களில் விளக்க, பார்க்க விரும்பாதவரை வற்புறுத்தாமல் வெளியே அமர்த்த. அமெரிக்காவின் அவசரப்பிரிவுச் செவிலியர் சங்கம் 1993-லேயே உறவினர் உடனிருப்பதை ஆதரித்தது. ஆளில்லை என்று கதவைச் சாத்தும் நிர்வாகங்கள் அந்தப் பணியிடத்தை உருவாக்கட்டும்.