வெயிலை அளக்கும் கருவியை அளப்பது யார்?

கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக் கூரையில் சோலார் பனல் பூட்டுவதற்கு அம்மா வங்கியில் கடன் எடுத்தார். மாதம் எத்தனை யூனிற் வரும் என்று விற்பனையாளர் தாளில் எழுதிக் கொடுத்த கணக்கை நம்பியே தவணையும் முடிவானது. “இந்தக் கணக்கு எங்கயிருந்து வந்தது தம்பி?” என்று அம்மா கேட்டார். அவரிடம் பதில் இல்லை. நான் தேடத் தொடங்கினேன்.

இத்தகைய கணக்குகளுக்கு அடிப்படை, ஓரிடத்தில் விழும் வெயிலின் அளவு. செய்மதித் தரவாக இருந்தாலும், அதைச் சரிபார்ப்பது நிலத்தில் இருக்கும் பைரனோமீற்றர் என்ற கருவிதான். கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் கறுப்புப் பரப்பு வெயிலில் சூடாக, அந்தச் சூடு மிகச் சிறிய மின்னழுத்தமாக மாறுகிறது. அந்த மின்னழுத்தம் சதுர மீற்றருக்கு எத்தனை வாற் என்பதைக் கருவி தானாகச் சொல்லாது. நம்பகமான இன்னொரு கருவியை அருகில் வைத்து, ஒரே வெயிலில் ஒப்பிட்டே அறியவேண்டும். இதுதான் அளவுத்திருத்தம். வெயில் பட்டுப்பட்டுக் கறுப்புப் பூச்சும் மாறுவதால், பொதுவாக இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை இதைச் செய்யும்படி தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

அப்படியானால் அந்த நம்பகமான கருவியைச் சரிபார்ப்பது எது? இந்தச் சங்கிலி சுவிற்சர்லாந்தின் டாவோஸ் மலைநகரில் உள்ள உலகக் கதிர்வீச்சு மையத்தில் முடிகிறது. அங்குள்ள கருவிகளில் சூரிய ஒளி ஒரு கறுப்புக் குழிக்குள் விழுகிறது. பின் ஒளியை மறைத்து, அதே சூட்டை மின்சாரத்தால் உண்டாக்குகிறார்கள். செலவான மின்சாரத்தைத் துல்லியமாக அளக்கலாம்; அதுவே வெயிலின் அளவு.

முக்கியமானது, அங்கும் ஒரு கருவியை மட்டும் நம்புவதில்லை. ஒரு தொகுதிக் கருவிகள் ஒன்றையொன்று கண்காணிக்கின்றன. ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை பல நாடுகளின் கருவிகள் அங்கு கூடி, ஒரே நேரத்தில் சூரியனைப் பார்க்கின்றன. கடும் குளிரில் இயங்கும் புதிய கருவியுடன் ஒப்பிட்டபோது, அந்த உலக அளவே சுமார் 0.3 சதவீதம் கூடுதலாகக் காட்டுவது தெரியவந்தது. அதை மறைக்காமல் வெளியிட்டார்கள்.

அந்த 0.3 சதவீதம் எங்கள் தவணையைப் பாதிக்காது. ஆனால் பல வருடங்கள் திருத்தப்படாத, தூசி படிந்த ஒரு கருவியின் பிழை அதைவிடப் பல மடங்காகலாம். கடன் பத்திரத்தில் கையெழுத்திட முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்த வெயில் கணக்கு எந்தத் தரவிலிருந்து வந்தது? அந்தத் தரவைச் சரிபார்த்த கருவி கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்யப்பட்டது?

அம்மா முதற்கேள்வியைக் கேட்டுவிட்டார். கையெழுத்திட்ட பிறகு.