கணக்குக்கு ஒரு திருவிழா

ஆண்டுதோறும் நவராத்திரி நாட்களில் எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு மாலை என்னுடையது. பிராசீன பாடசாலையில் இலக்கணமும், பள்ளிக்கூடத்திலே தமிழும் கற்பிக்கும் ஒருவனுக்கு ஊர் கொடுத்து வரும் மரியாதை அது. 2023ஆம் ஆண்டில் அந்த மாலை என் கையைவிட்டுப் போயிற்று. கணித ஆசிரியையாகிய என் மருமகள், தமக்கையின் மகள், ஒருநாள் வந்து முற்றத்தில் நின்றாள்.

"மாமா, ஒக்ரோபர் இருபத்தொண்டு எங்களுக்கு வேணும். அண்டைக்குக் கணக்குத் திருவிழா. நீங்கள் பேச வேண்டாம். வந்து இருந்தாற் போதும்."

"திருவிழா என்றால் சுவாமி யார் பிள்ளை?"

"மாட்டின் காட்னர்."

கேள்விப்படாத சுவாமி. பெரிய கணித மேதையாக இருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். அதுதான் இல்லை. அமெரிக்காவில் ஒக்லகோமா மாநிலத்துத் துல்சா நகரிலே, 1914ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் நாள் பிறந்த இம்மனிதர், சிக்காகோ பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்துப் பட்டம் பெற்றவர். பல்கலைக்கழகத்திற் கணிதம் பயின்றவர் அல்லர். பிழைப்புக்குச் சிறுவர் சஞ்சிகை ஒன்றிலே கடதாசியை மடித்தும் வெட்டியும் செய்யும் விளையாட்டுகளை இதழ்தோறும் ஆக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கடதாசியே அவரைக் கணிதத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கதை சுவையானது. 1939ஆம் ஆண்டில் ஆதர் ஸ்ரோன் என்னும் ஆங்கில மாணவர் அமெரிக்காவிலே பிறின்ஸ்ரனுக்குப் படிக்கப் போனார். அமெரிக்கக் கடதாசி அவர் ஊரிலிருந்து கொண்டுபோன கோவைக்குள் அடங்கவில்லை, அகலம் கூட. ஓரத்தை நறுக்கினார். நறுக்கிய கீலங்களை எறிய மனமின்றி மடித்துப் பார்த்தார். மடித்தும் ஒட்டியும் வர, ஓர் அறுகோணம் உண்டாயிற்று. அதைக் கிள்ளி விரித்தால், முன் கண்ட முகம் உள்ளே போய்ப் புதிய முகம் ஒன்று வெளியே வரும். தாளுக்கு இரண்டு பக்கமே உண்டென்று நம்பி வாழ்கிறோம்; அந்தத் தாளுக்கு மூன்று முகம், இன்னும் கெட்டித்தனமாக மடித்தால் ஆறு முகம். காட்னர் இதைப்பற்றி எழுதிய கட்டுரை 1956 டிசம்பரில் 'சயன்ரிபிக் அமெரிக்கன்' சஞ்சிகையில் வெளிவந்தது. மாதந்தோறும் இப்படி எழுத முடியுமா என்று சஞ்சிகையின் வெளியீட்டாளர் கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டு, கணித விளையாட்டுப் புத்தகங்களைத் தேடி நியூயோர்க்கின் பழைய புத்தகக் கடைகளுக்கு ஓடினாராம் காட்னர். 1957 சனவரியிலே தொடங்கிய பத்தி ஏறக்குறைய கால் நூற்றாண்டு நடந்தது. தாம் விளங்கிக்கொள்ளப் பட்ட பாடுதான் பிறர்க்கு விளங்க எழுதும் வழியைத் தமக்குக் காட்டியது என்ற கருத்துப்பட அவர் சொல்லியிருக்கிறார். இதனை ஆசிரியத் தொழிலில் இருப்போர் இரண்டு முறை வாசித்தல் நன்று.

என்னை அவர்பால் முற்றாக இழுத்தது வேறொரு செய்தி. லூயிஸ் கரல் எழுதிய 'அலிஸ்' கதைக்கு 1960ஆம் ஆண்டில் ஒரு விரிந்த உரை எழுதி வெளியிட்டவரும் இவரே. பிள்ளைகளின் கதைக்குப் பக்கந்தோறும் விளக்கம், குறிப்பு, தருக்கம்! சுவாமி ஓர் உரையாசிரியர், எங்கள் கூட்டத்தவர். அதன் பிறகு மருமகளோடு எனக்குப் பிணக்கில்லை.

காட்னரின் அன்பர்கள் 1993ஆம் ஆண்டு முதன்முறை அத்திலாந்தா நகரிற் கூடினார்கள். அது அழைக்கப்பட்டோர் கூட்டம். அவர் 2010 மே மாதம் மறைந்த பின்பு, அவ்வாண்டு ஒக்ரோபரிலேயே 'மதியின் கொண்டாட்டம்' என்று பொருள்படும் பெயரோடு பொதுவிழா ஒன்று பிறந்தது. இதற்கு அழைப்பு வேண்டா. உலகில் எவரும், எந்த ஊரிலும், வீட்டு விறாந்தையிலோ பள்ளியிலோ நூலகத்திலோ, அவர் பிறந்த நாளை ஒட்டி நடத்தலாம். ஒரு புதிரோ, ஒரு விளையாட்டோ, ஒரு கண்கட்டு வித்தையோ கொண்டு வந்தால் அதுவே காணிக்கை.

பெரிய அளவிலும் இத்தகைய விழாக்கள் உண்டு. வாஷிங்ரன் நகரில் 2015இல் நாடளாவிய கணித விழா ஒன்று முதன்முறை நடந்தது. குடும்பம் குடும்பமாக வரலாம், கட்டணமில்லை. அதைக்காட்டிலும் என் மனத்தைத் தொட்டது, ஜூலியா றொபின்சன் என்னும் கணித மேதையின் பெயரால் 2007இல் தொடங்கிய சிறுவர் விழா. அந்த அம்மையார் ஒன்பதாம் வயதிலே செங்காய்ச்சலில் விழுந்து, பின்பு வாதக்காய்ச்சலும் சேர, இரண்டு ஆண்டுப் படிப்பை இழந்தவர். வளர்ந்து, அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் தலைவராக இருந்த முதற் பெண்மணி ஆனவர். அவர் பெயரால் நடக்கும் விழாவிலே மேசைக்கு ஒரு புதிர் இருக்கும். பிள்ளை விரும்பிய மேசையில் இருக்கலாம். அலுத்தால் எழும்பிப் போகலாம். புள்ளி இல்லை, முதலாம் இரண்டாம் இடம் இல்லை. மேசைக்குப் பொறுப்பானவர் விடை சொல்லமாட்டார். பிள்ளை தடுக்கி நிற்கும்போது இன்னொரு கேள்வி கேட்பார்.

விளையாட்டாகக் கணக்குச் சொல்வது நமக்குப் புதிதன்று என்று சொல்ல வாய் துடிக்கிறது. காரிநாயனார் செய்த கணக்கதிகாரம், பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ண வழி சொல்கிறது. காம்பருகே உள்ள முட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். எங்கள் வளவுப் பழங்கள் இரண்டிற் சோதித்தேன். ஒன்று நாயனார் பக்கம் நின்றது, மற்றது நிற்கவில்லை. நிற்க.

எங்கள் காலத்து வகுப்பறைக் கணக்கு அவ்வாறு விளையாடவில்லை. ஐந்தாம் வகுப்பிலே என்னோடு ஒருவன் படித்தான். பெயர் வேண்டாம். நாயும் புலியும் ஆட்டத்தில் அவனை வெல்ல ஊரில் ஆளில்லை. மதவடியில் இருக்கும் பெரியவர்களே அவனை இருத்தி ஆடுவார்கள். வகுப்பிலோ, "நாலு பேர் ஆறு நாளில் வெட்டும் கிணற்றை" என்று உபாத்தியாயர் தொடங்கினால் அவனுக்கு நா எழாது. கேள்வி முடியுமுன் பிரம்பு எழும். நான் வகுப்புச் சட்டாம்பிள்ளை. அவன் கையை இழுத்துக்கொள்ளாதபடி மணிக்கட்டைப் பிடித்து நீட்டிக் கொடுப்பது என் கடமை. கடமையைச் செவ்வனே செய்தேன். எட்டாம் வகுப்போடு அவன் பள்ளியை விட்டான். இன்று ஊரில் நல்ல மேசன்; எங்கள் வீட்டு விறாந்தைக்கு மாபிள் பதித்தவனும் அவனே. அந்தப் பழைய நாட்களை நாங்கள் பேசியதில்லை.

விழா மாலை வந்தது. வாசிகசாலை வாங்குகள் சுவரோரம் போயின. நடுவில் ஆறு மேசைகள். ஒரு மேசையிலே கடதாசிக் கீலத்தை ஒரு முறை முறுக்கி, முனைகளை ஒட்டி வளையமாக்கி, நடுக்கோட்டால் வெட்டினார்கள். இரண்டு வளையம் வரும் என்று கிழவர் ஒருவர் பந்தயம் பேசினார். ஒரே நீண்ட வளையம் வந்தது. விளிம்பிலிருந்து மூன்றிலொரு பங்கு தள்ளி வெட்டினால் என்ன வரும் என்று ஒரு சிறுமி வெட்டிப் பார்த்தாள். பெரிது ஒன்றும் சிறிது ஒன்றுமாக இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு விழுந்தன. கிழவர் தமது பந்தயத்தை மறந்து கத்தரிக்கோலைக் கேட்டார். கொழுக்கட்டையோடு வந்த தாய்மார் வீட்டுக்குப் போகவில்லை.

கடைசி மேசையில் ஒரு மட்டைப் பலகை. சதுரங்கப் பலகை போல வரிசைக்கு எட்டாக அறுபத்துநான்கு கட்டங்கள். ஆனால் நிறம் இல்லை, வெறுங்கோடு. எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை மருமகள் வெட்டி எடுத்திருந்தாள். எஞ்சியவை அறுபத்திரண்டு. இரண்டு கட்டத்தை மூடும் துண்டுகள் முப்பத்தொன்று பக்கத்தில் இருந்தன. பலகையை முழுதும் மூட வேண்டும். காட்னர் தம் பத்தியில் எடுத்தாண்ட புதிர்களுள் ஒன்று இது. பிள்ளைகள் முயன்றார்கள், நானும் முயன்றேன். ஒவ்வொரு முறையும் கடைசித் துண்டுக்கு இடம் இரண்டு கட்டம் இருக்கும். ஆனால் அடுத்தடுத்து இருக்காது.

மேசன் பேர்த்தியைக் கூட்டிச் செல்ல வந்தவன், வாசற்படியில் நின்றான். உள்ளே வரச் சொன்னேன். "எனக்கென்ன கணக்கு," என்றான். பேர்த்தி கையைப் பிடித்து இழுத்து வந்தாள். பலகையை நெடுநேரம் பார்த்தான். ஒரு துண்டையும் தொடவில்லை.

"இது பொருந்தாது, பண்டிதர்."

"எத்தனை முறை வைத்துப் பார்த்தாய்?"

"ஏன் வைக்க? கறுப்பும் வெள்ளையுமாய் மாபிள் பதிச்ச நிலம் எண்டு நினைச்சுப் பாருங்கோ. இந்தத் துண்டை எங்கை வைச்சாலும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும்தானே மூடும்? வெட்டி எடுத்த மூலை ரெண்டும் ஒரே நிறம். அப்ப ஒரு நிறம் முப்பது, மற்றது முப்பத்திரண்டு. எப்பிடி அடங்கும்?"

மேசையைச் சுற்றி நின்ற பிள்ளைகள் ஒரு கணம் பேசவில்லை. பிறகு ஒருவன் பென்சிலால் கட்டங்களுக்கு நிறம் தீட்டத் தொடங்கினான். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் அவனுடைய கையைப் பார்த்தேன். சீமெந்தினால் வெடித்த கை. அந்த மணிக்கட்டு எனக்குத் தெரிந்த மணிக்கட்டு. ஏதோ சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். தமிழிலே சொல்லுக்குப் பஞ்சமில்லை என்று வகுப்பில் அடிக்கடி சொல்பவன் நான். "தேத்தண்ணி குடிக்கிறியா?" என்றுதான் வந்தது.

"பொறுங்கோ," என்றான், என்னைப் பார்க்கவில்லை. "பிள்ளை, ஒரே நிறத்திலை ரெண்டை எடுத்தால் சரிவராது. ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் எடுத்தால்? எந்த இடத்திலை எடுத்தாலும் அடங்குமோ?"

"நீங்களே பாருங்கோ அண்ணை," என்றாள் மருமகள். விடை அவளுக்குத் தெரியும்.

அவன் வாங்கை இழுத்துப் போட்டு இருந்தான். வாசிகசாலையைப் பூட்டுகிற பையன் திறப்போடு இருமுறை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.