எழுத்து பெட்டியாக மாறுவது ஏன்?

இந்திய ரூபாய்க்கான குறி 2010 ஜூலையில் அங்கீகரிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடிலும் இடம்பிடித்தது. ஆனால் அதன் பிறகும் பல கணினித் திரைகளில் விலைக்கு முன்னால் ஒரு வெற்றுப் பெட்டிதான் நின்றது. குறிக்கு எண் கிடைத்துவிட்டது. அந்த எண்ணுக்குரிய வடிவம் கணினியில் இருந்த எழுத்துருக்களில் இல்லை. அவ்வளவுதான் சங்கதி.

யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தருகிறது. அதற்கு உருவம் கொடுப்பது எழுத்துரு. உலக மொழிகள் அனைத்துக்குமாக யூனிகோடில் இன்று ஒன்றரை லட்சம் குறிகளுக்கு மேல் உள்ளன. ஓர் எழுத்துருக் கோப்பில் வைக்கக்கூடிய வடிவங்களோ அதிகபட்சம் 65,535. ஆகவே எல்லா எழுத்துகளையும் தாங்கும் ஒற்றை எழுத்துரு சாத்தியமில்லை. ஒன்றில் இல்லாததை இன்னொன்றில் தேடித்தான் ஆகவேண்டும்.

இந்தத் தேடலுக்கான வழி, இணையப் பக்கங்களை அழகுபடுத்தும் சிஎஸ்எஸ் மொழியின் முதல் பதிப்பிலேயே, 1996இல், வந்துவிட்டது. வடிவமைப்பாளர் எழுத்துருக்களின் பெயர்களை வரிசையாக எழுதுகிறார். கடைசியில் ‘செரிஃப்’, ‘சான்ஸ்-செரிஃப்’ போன்ற பொதுவகை ஒன்றைச் சேர்க்கிறார். பிரவுசர் இந்தப் பட்டியலைப் பக்கத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்துவதில்லை. எழுத்துக்கு எழுத்து பார்க்கிறது. பட்டியலில் ஏரியல் முதலாவதாகவும் தமிழ் எழுத்துருவான லதா இரண்டாவதாகவும் இருந்தால், ஆங்கிலச் சொற்களும் எண்களும் ஏரியலில் வரும். ஏரியலில் தமிழ் இல்லாததால் தமிழ் எழுத்துகள் லதாவுக்குப் போகும். வரிசையைத் திருப்பினால் கதை மாறும். பல தமிழ் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளும் சேர்ந்தே இருப்பதால், இரண்டு மொழியும் அந்த ஒன்றிலேயே அமைந்துவிடும்.

பட்டியலில் தமிழ் எழுத்துருவே இல்லையென்றால்? முடிவு வாசகரின் கருவி கைக்குப் போய்விடும். புதிய விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என் என்று ஒரே கட்டுரை மூன்று முகம் காட்டும்.

தமிழில் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘கொ’ என்பது கணினிக்குள் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு எண்கள். திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்கவேண்டும். இந்தப் பிரிப்பைச் செய்யும் மென்பொருள், ஒரே எழுத்துருவில் உள்ள எழுத்துகளையே சேர்த்து அமைக்கும். எனவே மெய்யையும் உயிர்க்குறியையும் பிரிக்காமல் ஒரே எழுத்துருவில் தேடவே பிரவுசர் முயல்கிறது. அந்த இணை உடைந்தால், குறி மட்டும் தனியே ஒரு புள்ளிவட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இப்போது பெரும்பாலான தளங்கள் தமக்குப் பிடித்த எழுத்துருவை இணையம் வழியாகவே அனுப்புகின்றன. அது இறங்கி முடியும்வரை என்ன செய்வது? சிஎஸ்எஸ்ஸின் ‘ஃபான்ட்-டிஸ்ப்ளே’ கட்டளையில் ‘பிளாக்’ என்றால், பிரவுசர் ஏறத்தாழ 3 விநாடிவரை எழுத்தைக் காட்டாமல் காத்திருக்கும். ‘ஸ்வாப்’ என்றால் மாற்று எழுத்துருவை உடனே காட்டி, அசல் வந்ததும் இடம் மாற்றும். வாசிக்க நல்லது ஸ்வாப்தான். ஆனால் இரண்டு எழுத்துருக்களின் அகலம் வேறுபட்டால், தமிழின் நீண்ட சொற்கள் சட்டென்று அடுத்த வரிக்குத் தாவும், பத்தி நீளும், படித்துக்கொண்டிருந்த இடம் நழுவும். ராஜபார்ட்காரர் வந்து சேரும்வரை மேடையேறும் மாற்று நடிகருக்கு முகச்சாயலைவிட உடுப்பின் அளவு பொருந்துவதே முக்கியம். எழுத்துருவிலும் அப்படித்தான்.

அளவுப் பொருத்தம் புதிய யோசனையல்ல. ரெட் ஹேட் நிறுவனம் 2007இல் வெளியிட்ட லிபரேஷன் எழுத்துருக்கள் ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் ஆகியவற்றின் எழுத்து அகலத்தை அப்படியே பின்பற்றின. இப்போது அதை சிஎஸ்எஸ் கட்டளைகளாலேயே சாதிக்கலாம். ‘சைஸ்-அட்ஜஸ்ட்’ மாற்று எழுத்துருவைச் சதவீதக் கணக்கில் பெருக்கும், சுருக்கும். ‘அசென்ட்-ஓவர்ரைடு’ எழுத்துக்கு மேலே விடும் இடத்தைத் திருத்தும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. விரும்பிய எழுத்துருவின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, ஒரு சாதாரண கைபேசியில் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மெதுவான இணைப்பில் இருக்கும் வாசகர் முதலில் காண்பது அந்தப் பக்கத்தைத்தான்.