குடும்ப அறக்கட்டளையின் கதவு எங்கே இருக்கிறது?

கேட்ஸ், ஃபோர்டு மாதிரி பெரிய அறக்கட்டளைகளுக்கு இணையதளம் உண்டு, விண்ணப்பத்தைப் படிக்க ஆட்கள் உண்டு. அமெரிக்காவின் சிறு குடும்ப அறக்கட்டளைகள் பலவற்றுக்கு இரண்டுமே கிடையாது. தாத்தா சேர்த்த பணம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அறங்காவலர்கள். முகவரியைத் தேடிப் போனால் குடும்ப வக்கீலின் அலுவலகமாக இருக்கும். இவர்களிடம் ஒரு சின்ன தொண்டு நிறுவனம் எப்படிப் போய்ச் சேர்வது?

வரித்துறைப் படிவம் 990-பிஎஃப் வழியாக. தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் இதைத் தாக்கல் செய்தாக வேண்டும். கேட்பவருக்குக் காட்டவும் வேண்டும். புரோபப்ளிகா செய்தி நிறுவனத்தின் 'நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர்' தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

முதல் பக்கத்தில் ஆரம்பித்தால் முதலீட்டுக் கணக்கிலேயே தலை சுற்றிவிடும். நேரே பின்பக்கங்களுக்குப் போங்கள். அந்த ஆண்டு யாருக்கு, எதற்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் அங்கே இருக்கிறது. மூன்றாண்டுப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே நூலகம், அதே தேவாலயம், அதே கல்லூரி என்றே வந்தால் புது ஆளுக்கு இடம் குறைவு. ஆண்டுக்கு இரண்டு புதுப் பெயராவது தென்பட்டால் முயலலாம். 5,000 டாலருக்கு மேல் யாருக்கும் கொடுக்காதவர்களிடம் 50,000 கேட்டால், பட்டியலையே பார்க்காமல் வந்தவர் என்று தெரிந்துவிடும்.

பட்டியலுக்குச் சற்று முன்னால் ஒரு சின்னக் கட்டம். தாங்களே தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்குத்தான் தருவோம், தானாக வரும் விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்பவர்கள் அதில் குறியிட்டிருப்பார்கள். குறி இருந்தால் விண்ணப்பம் அனுப்புவது தபால் செலவுக்குக் கேடு. ஆனால் அறங்காவலர்களின் பெயர்களும் அதே படிவத்தில் இருக்கின்றனவே! அவற்றை உங்கள் நிர்வாகக் குழுவில் எல்லோரிடமும் காட்டிக் கேளுங்கள். யாராவது ஒருவருக்குத் தெரிந்தவராக இருந்தால், பணம் கேட்காமல் ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லி அழைக்கலாம். சிறு அறக்கட்டளைகளில் பழக்கத்துக்குப் பிறகுதான் காகிதம் என்பது என் கணிப்பு.

குறி இல்லையென்றால் விண்ணப்பம் எந்த வடிவில், எந்தத் தேதிக்குள் என்பதும் அங்கேயே இருக்கும். கொடுப்பது அவர்கள் விருப்பம் மட்டுமல்ல என்பதையும் அறிந்து வையுங்கள். முதலீட்டுச் சொத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தை ஆண்டுதோறும் அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த கட்டாயம் இது. 20 லட்சம் டாலர் வைத்திருக்கும் அறக்கட்டளை என்றால் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு வேலை இரட்டிப்பு. வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் பணம் செலவான விதத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அந்த அறக்கட்டளையின் தலையில் விழும். சிறு குடும்பங்கள் தயங்குவது அதனால்தான். இங்கே எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேண்டும்; பணமும் முதலில் புதுடெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். பதிவு பெறப் போகிறவர்கள் அது கைக்கு வரும்வரை அமெரிக்காவுக்குக் கடிதம் எழுத உட்காராதீர்கள்.