ஸ்லைடு ஃபிலிமுக்கு டிஜிட்டல் கேமராவே மீட்டர்

நெகடிவ் ஃபிலிமில் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடிப்போனாலும் பிரின்ட் போடும்போது சமாளித்துவிடலாம். ஸ்லைடு ஃபிலிமில் அந்தச் சலுகை கிடையாது. கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிம்தான் கழுவி வந்ததும் படம். அரை ஸ்டாப் பிசகினாலே கண்ணில் படும். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சமான இடங்களில் சாயமே இருக்காது. வெறும் தெளிந்த ஃபிலிம்தான் மிஞ்சும்.

விளம்பரப் படம் எடுப்பவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கேமராவின் பின்புறம் போலராய்டு பேக்கை மாட்டி, உடனடிப் படம் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்லைடைச் சுடுவார்கள். போலராய்டு நிறுவனம் 2008இல் உடனடி ஃபிலிம் தயாரிப்பைக் கைவிடுவதாகச் சொன்னது. அதே பேக்கில் போட முடிந்த ஃபூஜிஃபிலிமின் எஃப்பி-100சியும் 2016இல் முடிவுக்கு வந்தது. இன்று அந்த வேலையை உங்கள் பையில் கிடக்கும் டிஜிட்டல் கேமரா செய்யும். செலவும் இல்லை.

இரண்டுக்கும் பொருந்திப்போவதற்குக் காரணம் உண்டு: டிஜிட்டலும் ஸ்லைடும் கெடுவது ஒரே பக்கத்தில், அதாவது வெளிச்சப் பக்கத்தில். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் கருங்கல் தூணோரம் நிற்கிறார் என்று வையுங்கள். மீட்டர் தூணின் கறுப்பைப் பார்த்துவிட்டு எக்ஸ்போஷரை ஏற்றிச் சொல்லும். தூண் நன்றாக வரும், வேட்டியின் மடிப்புகள் காணாமல் போகும். டிஜிட்டலில் ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மேடு வலது விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றால் வேட்டி போய்விட்டது என்று பொருள். முட்டாமல் சற்று முன்பே இறங்கும்வரை ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். ஸ்பாட் மீட்டரிங் பழகியவர்களுக்கு இன்னும் எளிது: வேட்டியை மட்டும் அளந்து, காட்டும் அளவைவிட ஒன்றரை ஸ்டாப் கூடுதலாகக் கொடுத்தால் வெள்ளை வெள்ளையாகவே வரும், இழையும் தெரியும்.

பின்திரையில் தெரியும் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். இருட்டில் அது பளிச்சென்று தெரியும், வெயிலில் மங்கும். சிவப்புப் பட்டுப்புடவை போன்றவற்றுக்கு மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் தேவை. மொத்த வரைபடம் ஒழுங்காக இருக்கும்போதே சிவப்பு மட்டும் முட்டியிருக்கும்.

நிழல் விஷயத்தில்தான் டிஜிட்டல் ஏமாற்றும். ஸ்லைடு தாங்குவது ஏறக்குறைய ஐந்து ஸ்டாப். டிஜிட்டல் அதைவிடத் தாராளம். திரையில் தூணின் சிற்பம் தெரிந்தாலும் ஸ்லைடில் அது கருந்திட்டாக விழலாம். அதனால் கேமராவில் கான்ட்ராஸ்டை ஏற்றி வையுங்கள். ஹிஸ்டோகிராம் ஜேபெக் படத்திலிருந்துதான் பிறக்கிறது, ரா ஃபைலிலிருந்து அல்ல என்பதால் இந்த அமைப்பு அதில் அப்படியே பிரதிபலிக்கும். ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கு வையுங்கள். நிழலைத் தானாகத் தூக்கிக் கொடுக்கும் வசதி, ஆட்டோ ஐஎஸ்ஓ இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

பிறகு எண்களை அப்படியே ஃபிலிம் கேமராவுக்கு மாற்றலாம். சென்சார் சிறிது, ஃபிலிம் பெரிது என்ற கவலை வேண்டாம். எக்ஸ்போஷரைப் பொறுத்தவரை எஃப்/8 எங்கும் எஃப்/8தான். மாறுவது ஃபோகஸ் ஆழம் மட்டும். வெல்வியா 50 ஸ்லைடு ஃபிலிம் போட்டிருந்தால், டிஜிட்டலை ஐஎஸ்ஓ 100இல் அளந்து ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்வது நல்லது. பல கேமராக்களில் 50 என்பது மெனுவில் நீட்டித்துக் கொடுத்த எண்; அதில் வெளிச்சப் பகுதி முன்கூட்டியே வெந்துவிடும்.

இரண்டு கேமராவும் ஒரே பேச்சுப் பேசுமா என்பதை ஒரு ரோல் செலவழித்துச் சோதித்துவிடுங்கள். பழைய ஷட்டர் 1/500 என்று சொல்லிவிட்டு மெதுவாக ஓடலாம். நிறையக் கண்ணாடிகள் கொண்ட ஜூம் லென்ஸ் கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்கும். ஒரே காட்சியை மூன்றிலொரு ஸ்டாப் இடைவெளியில் மேலும் கீழும் எடுத்து, லைட் டேபிளில் வைத்து, டிஜிட்டல் சொன்ன அளவுக்கு எந்த ஃபிரேம் ஒத்துவருகிறது என்று பாருங்கள். அந்த வித்தியாசத்தைக் கேமராவிலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடலாம்.

போலரைசர் போட்டால் அதே போலரைசரை டிஜிட்டலிலும் போட்டு அளப்பதே சுலபம். பெல்லோஸ் நீட்டி மிக நெருக்கமாக எடுக்கும்போது ஏற்படும் வெளிச்ச இழப்பு டிஜிட்டலுக்குத் தெரியாது. பொருளும் பிம்பமும் ஒரே அளவில் இருந்தால் இரண்டு ஸ்டாப் சேர்க்க வேண்டும்.

நீண்ட நேர எக்ஸ்போஷரிலும் அப்படித்தான். சென்சாருக்கு நான்கு விநாடி நான்கு விநாடிதான். வெல்வியா 50 அதற்கு மூன்றிலொரு ஸ்டாப் கூடுதலாகக் கேட்கும், 32 விநாடிக்கு ஒரு முழு ஸ்டாப். இரவுக் காட்சிக்குப் ப்ரோவியா 100எஃப் வசதி. 128 விநாடிவரை திருத்தமே வேண்டாம்.