அரைத் தொன் பனியும் ஒரு வாசற்பாதையும்

ஸ்காபரோவில் வசிக்கும் நண்பர் ஒருவரின் வீட்டில் சில வாரங்களாக ஒரு விவாதம் நடைபெற்று வருகிறது. கார் நிறுத்தும் வாசற்பாதையைப் பெயர்த்து, அடியில் வெப்பமூட்டும் வடங்களைப் புதைத்துவிட்டால் பனி தானாகவே உருகிவிடும் என்கிறார் நண்பர். “வீண் செலவு. எனக்குக் கை இருக்குதுதானே” என்கிறார் அவருடைய தந்தை. தந்தைக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இருதய நாளத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டுள்ளது. எனினும், மகன் இரவு வேலை முடிந்து திரும்புவதற்குள் சவலால் பாதையைத் துப்புரவாக்கிவிடுவார்.

என்னிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. கணக்கிலிருந்தே தொடங்கினேன்.

இரு கார்கள் நிற்கும் அப்பாதையின் பரப்பு சுமார் 50 சதுர மீற்றர். பத்துச் சென்ரிமீற்றர் புதுப்பனி விழுந்தால் அதன் நிறை ஏறத்தாழ 500 கிலோகிராம். அதாவது, ஒரே காலையில் அந்த முதியவர் அள்ளி எறிவது அரைத் தொன்! கியூபெக் மாகாணத்தின் 1981 முதல் 2014 வரையான தரவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று, கடும் பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு அதிகரிப்பதைச் சுட்டிக்காட்டியது. குளிர் நாளங்களைச் சுருக்குகிறது. பாரம் தூக்குதல் இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. ஆகவே மகனின் அச்சம் நியாயமானதே.

ஆனால் விலை என்ன? வெப்பமூட்டும் முறைகள் இரண்டு. ஒன்று மின்வடம், பதிப்பது மலிவு, இயக்குவது செலவு. மற்றையது, உறையாத கிளைகோல் கலந்த நீரைக் கொதிகலனில் சூடாக்கிக் குழாய்களில் ஓடவிடுவது. பதிப்பது செலவு, இயக்குவது ஒப்பீட்டளவில் மலிவு. மின்வடத்துக்குச் சதுர மீற்றருக்கு 500 வாற்று எனக் கொண்டால், இப்பாதைக்கு 25 கிலோவாற்று தேவை. எட்டு மணி நேரம் இயங்கினால் 200 அலகுகள். ஒன்ராறியோவில் சாதாரண வீடொன்றின் மாத நுகர்வு ஏறத்தாழ 700 அலகுகளே. அன்றியும், 240 வோல்ற்றில் இதற்கு 100 அம்பியருக்கு மேல் வேண்டும். பல பழைய வீடுகளின் முழு மின்னிணைப்பே அவ்வளவுதான்.

ஐஸ்லாந்தின் றேக்யவிக் நகரில் வீடுகளைச் சூடாக்கிய பின் வெளியேறும் புவிவெப்ப நீர் நடைபாதைகளின் கீழ் ஓடுகிறது. மிச்சிகனின் ஹொலண்ட் நகரம் 1988 முதல் மின்நிலையத்தின் கழிவு வெப்பத்தைக் கொண்டு வீதிப் பனியை உருக்கி வருகிறது. வீணாகும் வெப்பம் அங்கு பயன்படுகிறது. நமக்கோ ஒவ்வொரு அலகுக்கும் கட்டணம் உண்டு.

இன்னொன்றையும் மறத்தலாகாது. வீதியில் பனி ஒதுக்கும் வாகனம் பாதை முகப்பில் தள்ளிச் செல்லும் கனத்த பனித்திட்டு இந்த வெப்பத்துக்கு இலகுவில் உருகாது. உருகிய நீர் வடிந்தோட வழியின்றேல் ஓரத்தில் மீண்டும் உறைந்து வழுக்கும். வடம் பழுதுற்றால் தளத்தை உடைக்க வேண்டும்.

எனவே நான் கூறியது இதுதான்: நல்ல நிலையிலுள்ள பாதையை இதற்காகப் பெயர்க்க வேண்டாம். தளம் பழுதாகிப் புதுப்பிக்கும் காலம் வரும்போது, சக்கரங்கள் செல்லும் கீற்றுகளில் மட்டும் வடம் பதிக்கலாம். பரப்பும் செலவும் ஏறக்குறைய பாதியாகும். அதுவரை பருவகால ஒப்பந்தத்தில் பனி அகற்றுவோரை அமர்த்துங்கள்.

அரைத் தொன் கணக்கைக் கேட்ட தந்தை சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், “ஊரிலை விடிய எழும்பி முற்றம் கூட்டினாத்தான் எனக்கு நாள் தொடங்கும். இஞ்சை எனக்கெண்டு வேறை என்ன வேலை இருக்குது, தம்பி?” என்றார்.

கணக்கில் நான் சேர்க்க மறந்தது அதுவே. இறுதியில் இருவரும் உடன்பட்டனர். பாதைக்கு ஆள் வருவார். வாசற்படியில் விழும் மென்பனியைத் தும்புத்தடியால் கூட்டும் பொறுப்பு தந்தையுடையது. சவலை மகன் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.